தணிகையைப் பாடியவர்கள்: வழிகளும் வரம்புகளும்

திருப்புகழில் சந்தம் இருக்கிறது, முருகன் இருக்கிறான், வள்ளி இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். சாவு எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் நாம் பாடும்போது சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். பல் உதிர்வது, முதுகு கூனுவது, கோல் ஊன்றி வரும் கிழவனைத் தெருப்பிள்ளைகள் கேலி செய்வது, தொண்டையில் கோழை கட்டுவது, தலைமாட்டில் மனைவி மக்கள் அழுவது, எருமை மேல் எமன் வந்து நிற்பது என்று ஒன்றையும் விடாமல் அருணகிரிநாதர் சொல்லிக்கொண்டே போகிறார். அதற்குப் பிறகுதான் வேண்டுகோள் வருகிறது: அந்த நேரத்தில் எமனுக்கு முன்னால் நீ மயிலேறி வந்துவிடு. அருணகிரியார் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்து உயிர்விடப் போனவரை முருகன் தாங்கிப் பிடித்துப் பாட வைத்தான் என்பது மரபு.

அந்தப் பாட்டுகளில் அறுபதுக்கு மேற்பட்டவை நம் தணிகை மலைக்கு, அதாவது திருத்தணிக்கு, உரியவை. இவற்றைப் பாடியும் தேடியும் அச்சிட்டும் வாழ்ந்தவர்கள் தங்கள் நாட்களை எப்படிக் கழித்தார்கள், எப்படிப் போனார்கள் என்று கேட்டால் நம் சபைகள் வெளியிடும் மலர்கள் தரும் பதில் ஒன்றே ஒன்று: 'இளமையிலேயே முருகபக்தியில் திளைத்தார், கந்தன் கழலிணை சேர்ந்தார்.' ஐம்பது பேரைப் பற்றிய ஐம்பது குறிப்பிலும் இதே வாசகம். யார் எந்த வழியில் நின்றார், எதைச் சரி என்று கொண்டார், எதைப் பிழை என்று தள்ளினார் என்பதற்கு இதில் இடமில்லை. இந்தக் கட்டுரை அதைச் சொல்லிப் பார்க்கும் முயற்சி.

மறைந்தவர்களைப் பற்றி இப்படிக் குறிப்பு எழுதும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கிராமப்புறத்தில் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களிடம் இது இன்னும் முறையாக நடந்தது. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய இயக்கம் அது. நாளுக்கு இன்ன நேரம் ஜெபம், இன்ன நேரம் வாசிப்பு என்று அட்டவணை போட்டு வாழ்ந்ததால் ஆக்ஸ்போர்டில் கேலியாக ஒட்டிய பெயரை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். 1771இல் அமெரிக்கா போன பிரான்சிஸ் ஆஸ்பரி 1816இல் சாகும் வரை தனக்கென்று ஒரு வீடு வைத்துக்கொள்ளவில்லை. குதிரை மேலேயே வாழ்ந்தார். அவருக்குக் கீழே ஊர் ஊராகச் சுற்றிய குதிரைப் போதகர்கள் பலர் முப்பது வயதைத் தாண்டவில்லை. காய்ச்சலும் ஆற்று வெள்ளமும் அவர்களைக் கொண்டுபோயின. ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு கூட்டம் வாரந்தோறும் கூடி, அவரவர் ஆன்ம நிலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த காலத்தில் காட்டு வெளியில் கூடாரம் அடித்து நாட்கணக்காகப் பாட்டும் பிரசங்கமும் நடக்கும்.

அவர்களிடம் ஒரு தனி வழக்கம் இருந்தது. நம்மவர்கள் நன்றாகச் சாகிறார்கள் என்பது வெஸ்லி காலத்திலிருந்தே அவர்களுக்கு ஒரு பெருமை. படுக்கையைச் சுற்றி உறவினர் நிற்பார்கள், பயம் இருக்கிறதா என்று கேட்பார்கள், கடைசி வார்த்தையைக் குறித்துக்கொள்வார்கள். நியூயார்க்கில் 1826இல் தொடங்கிய 'கிறிஸ்டியன் அட்வகேட்' போன்ற சபை இதழ்களுக்கு அந்தக் குறிப்பு போகும். சாதாரண உழவன், அவன் மனைவி, பதினாறு வயது மகள் என்று எல்லோருடைய மரணமும் அச்சில் ஏறியது. நாளடைவில் அவையும் ஒரே வார்ப்பாகிவிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றை அவர்களிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மடாதிபதிக்கும் மகானுக்கும் மட்டும்தான் மரணக்குறிப்பு என்று அவர்கள் வைக்கவில்லை.

அந்த இயக்கத்தின் ஆங்கிலேயக் கிளை நமக்கு அண்டை வீடுதான். வெஸ்லியன் மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். அங்கிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். நூற்றாண்டின் இறுதியில் திருவள்ளூரை அடுத்த இக்காட்டில் வில்லியம் கௌடி என்பவர் பணியாற்றினார். அந்தச் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. இக்காட்டுக்கும் தணிகைக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. இரண்டு ஊரிலும் பாட்டுத்தான் பக்தியின் முதுகெலும்பு.

இனி நம் மலைக்கு வருவோம். தணிகையில் சூரசம்ஹாரம் கிடையாது. மற்றப் படைவீடுகளில் கந்த சஷ்டி அன்று சூரனை வதைக்கும்போது, இங்கே முருகனுக்கு மலர் மலராகக் கொட்டி அருச்சனை செய்கிறோம். சினம் தணிந்து அமர்ந்த இடத்தில் மறுபடி போர் எதற்கு என்பது ஊரின் நியாயம். இந்த மரபின் குணமும் அதுதான் என்று எனக்குத் தோன்றும். இங்கே உருவான அடியார்களில் ஆவேசக்காரர்கள் குறைவு. ஒழுங்குக்காரர்கள் அதிகம்.

ஊரின் இருமொழி நிலையும் இதற்குள் வருகிறது. கார்வேட்டிநகர் ஜமீனில் இருந்து, வட ஆற்காட்டில் இருந்து, 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போய், ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பிய ஊர் இது. கோடு எந்தப் பக்கம் நகர்ந்தபோதும் படியேறுகிறவர்கள் மாறவில்லை. 'சுப்ரமண்யேஸ்வரா' என்று தெலுங்கில் அழைத்துக்கொண்டு வருகிறவரும், 'வேலும் மயிலும் துணை' என்கிறவரும் சரவணப் பொய்கையில் ஒரே படித்துறையில்தான் முழுகுகிறார்கள்.

வழிகளில் மூத்தது புலவர் வழி. அதற்குத் தலைவர் கச்சியப்ப முனிவர். திருத்தணியில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் மாதவச் சிவஞான முனிவரின் மாணாக்கராக விளங்கி, 1790இல் காஞ்சிபுரத்தில் மறைந்தவர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள் கொண்ட தணிகைப் புராணம் அவர் கொடை. சொந்த ஊருக்கு அவ்வளவு பெரிய காப்பியம் வாய்ப்பது அரிது. அதை இன்று முழுதும் படித்தவர்களும் அரிது. அவர் மாணாக்கர் கந்தப்பையருக்கு வயிற்று நோய் வந்தபோது முனிவர் தணிகை ஆற்றுப்படை பாட, நோய் தீர்ந்தது என்பார்கள். கந்தப்பையரின் மக்கள் விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் சென்னைக்குப் போய், இராமாநுஜ கவிராயரிடம் பாடம் கேட்டு, இலக்கணமும் உரையும் பதிப்புமாக 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்க் கல்விக்கு அடித்தளம் போட்டார்கள். இந்த வழியின் வரம்பு எழுத்துப் பிழை இல்லாமை. பக்தி எவ்வளவு பெருகினாலும் யாப்பு தளை தட்டக் கூடாது.

இரண்டாவது முத்துசுவாமி தீட்சிதரின் வழி. அதைப் பற்றி மலர்தோறும் எழுதப்படுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காசியில் சிதம்பரநாத யோகியோடு இருந்துவிட்டு மணலிக்குத் திரும்பியவர் தணிகைக்கு வந்தார். இங்கே ஒரு முதியவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட, மாயாமாளவகௌளையில் 'ஸ்ரீநாதாதி' பிறந்தது. அன்றுமுதல் 'குருகுஹ' முத்திரை. பிள்ளைகளுக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுக்கும் ராகத்திலேயே தன் முதல் கீர்த்தனையை அவர் அமைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1835 தீபாவளி அன்று எட்டயபுரத்தில் சீடர்கள் 'மீனாக்ஷி மே முதம்' பாடிக்கொண்டிருக்க உயிர் பிரிந்தது. பாட்டைக் கேட்டபடியே போவது என்ற நல்ல சாவின் இலக்கணத்தை இந்த வட்டாரத்துக்குத் தந்தது அந்த மரணம்தான்.

வள்ளலாரை எந்த வழியில் சேர்ப்பது என்று எனக்குத் தெளிவில்லை. சென்னையில் அண்ணன் வீட்டு மாடியறையில் கண்ணாடிக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்த பிள்ளைக்கு, அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் தெரிந்தான். மலையேறுவதற்கு முன்பே மலையைப் பாடியவர் அவர். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு யாரும் அவரைக் காணவில்லை. தென்னாற்காடு மாவட்டக் கையேட்டை 1878இல் எழுதிய கார்ஸ்டின் என்ற ஆங்கில அதிகாரிகூட இதைக் குறித்து வைத்திருக்கிறார். 'சோதியில் கலந்தார்' என்ற சொல்லுக்கு அவர் வரையில் ஒரு தனிப் பொருள் இருக்கிறது. அதைப் பேரவைச் செயலாளர் முதல் பொருளாளர் வரை எல்லோருக்கும் எடுத்துப் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி நான் கொஞ்சம் நிற்க விரும்பும் இடம், ஏட்டு வழி.

1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் தங்கள் பெருமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைக் காட்டினார்கள். நீதித்துறை உத்தியோகத்தில் இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளைக்கு (1846–1909) அந்தப் பாட்டின் மேல் ஆசை விழுந்தது. இப்படிப்பட்ட பாட்டுகள் இன்னும் எத்தனை இருக்கும், எங்கே இருக்கும் என்று தேட ஆரம்பித்தார். அருணகிரியார் பாடியவை பதினாறாயிரம் என்பது வழக்கு. கிடைத்தவை சுமார் 1,300. அந்த 1,300இன் பின்னே ஒரு மாவட்ட முன்சீப்பின் வாழ்நாள் இருக்கிறது. விடுமுறை, சம்பளம், கண்பார்வை எல்லாம் அதில் போயின. முதல் தொகுதி 1894இல் அச்சேறியது. அடுத்தது புது நூற்றாண்டின் தொடக்கத்தில்.

ஏட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வேலையின் கடினம் புரியும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒகரமும் ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். துணைக்காலா ரகரமா என்று தெரியாது. 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஏட்டில் ஒரே வடிவம். உரைநடையானால் பொருளை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். திருப்புகழில் சந்தம் கைகொடுக்கிறது. அந்த இடத்தில் சந்தக் குழிப்பு 'தன' என்றால் 'கொடு', 'தான' என்றால் 'கோடு'. 'தத்த' என்று வந்தால் வல்லினம் இரட்டிக்க வேண்டும், 'தந்த' என்று வந்தால் மெல்லினம் அடுத்து வல்லினம் வர வேண்டும், 'தய்ய' என்றால் இடையினம். ஒரு அடியில் சந்தம் சரியாகக் கிடைத்துவிட்டால் மற்ற அடிகளில் பூச்சி அரித்த இடம் என்ன ஓசையில் இருந்திருக்க வேண்டும் என்றாவது தெரிந்துவிடும். இந்த ஓசைக் கணக்கை இலக்கணமாகவே எழுதி வைத்தவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898). 'வண்ணத்தியல்பு' என்பது அந்த நூல். நீதிமன்றத்தில் சாட்சியை எடைபோட்டுப் பழகிய மனம் சுப்பிரமணிய பிள்ளைக்கு இந்த வேலையில் நன்றாகவே உதவியிருக்கும்.

அதே 1871இல் இன்னொன்றும் நடந்தது. சென்னையிலிருந்து வந்த இருப்புப் பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தன. சென்னைப் பக்கத்துப் பாதை அரக்கோணத்தில் பிரிந்து தணிகை அடிவாரம் வழியாகவே போகிறது. மாதக் கிருத்திகைக்கு மலைக்கு வந்து மறுநாள் கச்சேரி வேலைக்குத் திரும்புகிற உத்தியோகஸ்த பக்தர் என்ற புது இனம் உருவானதற்கு இந்த ரயிலும் காரணம். திருப்புகழ் மரபைக் காப்பாற்றியவர்களில் துறவிகளைவிடக் குமாஸ்தாக்கள் அதிகம் என்று நான் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த இனத்தின் தலைமகன் சுப்பிரமணிய பிள்ளையின் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை (1883–1972). பதிவுத் துறையில் வேலை. பத்திரப் பதிவில் ஒரு எழுத்து மாறினால் ஒரு காணி நிலம் கைமாறிவிடும் என்ற பயம் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு உண்டு. அந்த எச்சரிக்கையோடு அவர் திருப்புகழ் முழுமைக்கும் உரை எழுதினார். அருணகிரியார் வரலாறும் ஆராய்ச்சியுமாக ஒரு நூல் செய்தார். தேவாரத்தில் எந்தப் பொருள் எந்தப் பாட்டில் வருகிறது என்று தலைப்புவாரியாகப் பிரித்து 'ஒளிநெறி' என்று தொகுத்தார். 'தணிகைமணி' என்ற பட்டம் அவருக்கு அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழத் தொண்ணூறு வயது வரை எழுதிக்கொண்டிருந்தவர் சாவில் அதிசயம் எதுவும் தேடவேண்டியதில்லை. அட்டவணையில் இன்னும் ஒரு தலைப்பு, உரையில் இன்னும் ஒரு குறிப்பு என்று கடைசி வரை சேர்த்துக்கொண்டே போன வாழ்க்கை அது. அமெரிக்க மெதடிஸ்ட் உழவன் ஒருவன் அவரைப் பார்த்திருந்தால், நெற்றித் திருநீற்றைத் தவிர்த்து மற்றதெல்லாம் தனக்குத் தெரிந்த ஆள்தான் என்று நினைத்திருப்பான்.

ஏட்டு வழி அச்சுக்கு வந்தது. அச்சிலிருந்து வாய்க்கும் படிக்கும் வந்த கதை வள்ளிமலை சுவாமிகளுடையது.

1870இல் பிறந்தவர். அர்த்தநாரி என்று பெயர். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. தமிழ் படிக்கத் தெரியாது. தீராத வயிற்று வலி வந்து பழனிக்குப் போனார். (கந்தப்பையருக்கும் வயிறுதான் என்பதைக் கவனியுங்கள். முருகனிடம் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் வயிற்று வலிக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது.) பழனியில் ஒரு நாட்டியப் பெண் பாடியாடிய திருப்புகழ் அவரைப் பிடித்துக்கொண்டது. வயது முப்பதைத் தாண்டிய பிறகு எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கக் கற்றார். படிக்க நினைத்த புத்தகம் ஒன்றே ஒன்று, திருப்புகழ். முன்சீப் அச்சிட்ட எழுத்து சமையற்காரர் வாய்க்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்தார். அவர் கீழே போகச் சொல்ல, கீழே சேஷாத்திரி சுவாமிகள் கண்ணில் பட்டார். உனக்குத் திருப்புகழே மந்திரம், வேறொன்றும் வேண்டாம், வள்ளிமலைக்குப் போ என்றார் அவர்.

சுவாமிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரமணரையும் சேஷாத்திரி சுவாமிகளையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பழனியில் பாடிய அந்தப் பெண் ஒரே வரியில் முடிந்துவிடுகிறார். வித்து அங்கேதான் விழுந்தது. கோயில்களில் இந்தப் பாட்டுகளை ஆட்டத்தோடும் தாளத்தோடும் உயிராக வைத்திருந்த தேவரடியார் குலத்துப் பெண்களை, தேவதாசி முறையை ஒழித்த 1947 சட்டத்துக்குப் பின், மரபின் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். புலவர் வழி, ஏட்டு வழி என்று நான் பிரித்துச் சொல்கிற வரிசையில் அவர்களுக்கும் ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

படித் திருவிழா எல்லோருக்கும் தெரிந்தது. முதல் உலகப்போர் நடந்த காலம், 1917 முடிந்து 1918 பிறக்கும் தறுவாய். ஆங்கிலப் புத்தாண்டு அன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாவுக்கு எலுமிச்சம்பழமும் மாலையுமாக நம் உத்தியோகஸ்தர்கள் வரிசை கட்டிப் போவது வழக்கம். துரைகளுக்கெல்லாம் துரை தணிகைமலை மேல் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள் என்றார் சுவாமிகள். போனவர்கள் 365 படி ஏறினார்கள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி, படிக்கு ஒரு திருப்புகழ். விடுமுறை கிடைக்கிற நாளாகப் பார்த்து வைத்த அந்த ஏற்பாட்டில் இருக்கிற உலக அனுபவத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அரண்மனைச் சமையற்கட்டில் இருந்தவருக்கு யார் எப்போது ஓய்வாக இருப்பார்கள் என்று தெரியாதா?

படி வழியின் வரம்பு ஏட்டு வழியின் வரம்பிலிருந்து மாறுபட்டது. இங்கே பாடம் தெரியாதவரும் பாடலாம், ஆனால் விடாமல் பாட வேண்டும். படிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, சூடம் ஏற்றி, பாட்டை முடித்து, அரோகரா சொல்லி, அடுத்த படி. முதல் ஐம்பது படியில் உற்சாகம் தாங்காது. நூறைத் தாண்டினால் முழங்கால் பேச ஆரம்பிக்கும். இருநூறுக்கு மேல் குரல் போய்விடும், பாட்டு மட்டும் வரும். அந்த இடத்தில் நீண்ட பாட்டு வந்தால் குழுவில் யாராவது ஒருவர் கண்ணால் கெஞ்சுவார், பாதியோடு விட்டுவிடலாமே என்று. விடக் கூடாது என்பதுதான் இந்த வழியின் சட்டம். சுவாமிகள் 1950 நவம்பரில் மறைந்தார். வள்ளிமலைக் குகையில் சமாதி. அவர் போன பிறகும் டிசம்பர் 31 இரவு ஓயவில்லை.

இசை மேடைக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) கச்சேரியில் திருப்புகழ் எடுத்தால் மிருதங்கக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார் என்பார்கள். திருப்புகழ்த் தாளம் ஆதி, ரூபகம் என்ற பழக்கப்பட்ட பெட்டிக்குள் அடங்காது. 'தக' ஒன்று, 'தகிட' ஒன்றரை, 'தகதிமி' இரண்டு, 'தகதகிட' இரண்டரை என்று கூட்டிக் கூட்டித்தான் ஒரு அடி வரும். ஏழரை வரலாம், ஒன்பதரை வரலாம். அரையைச் சாப்பிட்டுவிட்டுப் பாடுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பின்னாளில் டில்லியில் 'திருப்புகழ் அன்பர்கள்' அமைப்பை 1958இல் தொடங்கிய குருஜி ஏ.எஸ். ராகவன் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு ராகமும் சந்த தாளமும் வகுத்து, மேடையில் பாடாத குடும்பத்தினரையும் அரை பிசகாமல் பாடப் பழக்கினார். நாயனாப் பிள்ளையிடம் தாளம் வித்தை. குருஜியிடம் அது எல்லோருக்கும் பாடம்.

கூட்டமாகப் பாடுவதற்கு வெஸ்லி 1761இல் சில விதிகள் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் பாட வேண்டும், அச்சில் இருக்கிறபடியே பாட வேண்டும், தூங்கி வழியாமல் குரல் விட்டுப் பாட வேண்டும், அதற்காக மற்றவர் குரலை அமுக்கிக் கத்தக் கூடாது, தாளத்தை இழுக்கக் கூடாது என்றெல்லாம். எந்தத் திருப்புகழ்ச் சபையின் சுவரிலும் அப்படியே எழுதி மாட்டலாம். நான் ஒன்றே ஒன்று சேர்ப்பேன்: தொங்கலில் மூச்சு வாங்குங்கள், சந்தத்தின் நடுவில் வாங்காதீர்கள். மூன்று முறை மடங்கி வரும் சந்தம் தொங்கலில் போய் இறங்குகிறது. அங்கே நிற்க இடம் வைத்துத்தான் அருணகிரியார் பாடியிருக்கிறார். நடுவில் நின்றால் சொல் இரண்டாக முறியும், பொருள் வேறாகிவிடும். சினிமா மெட்டில் பாடுவது சரியா தப்பா என்று ஆண்டுதோறும் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மெட்டு எதுவானாலும் குறில் நெடிலாகாமலும் ஒற்று விழாமலும் இருந்தால் எனக்குக் குறையில்லை. நல்ல ராகத்தில் 'கொடு' 'கோடு' ஆனால்தான் குறை.

வாரியார் சுவாமிகள் (1906–1993) எல்லா வழிகளுக்கும் சொந்தக்காரர். காட்பாடிக்குப் பக்கத்துக் காங்கேயநல்லூர்க்காரர். புலவர், பாடகர், உரைகாரர், படியேறுபவர். 'திருப்புகழமிர்தம்' என்ற மாத இதழைப் பல்லாண்டு நடத்தினார். 1993 நவம்பர் 7 அன்று லண்டனிலிருந்து திரும்பும்போது விமானத்திலேயே உயிர் பிரிந்தது. அப்போது விமானம் தணிகை மலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது என்று அன்பர்கள் சொல்வார்கள். மேற்கேயிருந்து சென்னைக்கு இறங்குகிற விமானத்துக்கு அது வழிதான். மெதடிஸ்ட் இதழாசிரியர் கையில் இந்த மரணம் கிடைத்திருந்தால் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பார்.

கடைசியில் நிற்கிறது காவடி வழி. கூட்டத்தில் முதல் இடம் அதற்குத்தான். ஆடிக் கிருத்திகைக்குத் தமிழகத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மஞ்சள் துணியும் புஷ்பக் காவடியுமாக வருகிறவர்களில் பலருக்குத் திருப்புகழ் ஒன்றும் மனப்பாடமாகத் தெரியாது. விரதம் தெரியும். எத்தனை நாள் புலால் தள்ள வேண்டும், யார் வீட்டுத் தண்ணீர் குடிக்கலாம், காவடியைத் தரையில் எங்கே இறக்கலாம் என்ற வரம்புகள் எல்லாம் வாய்வழிச் சட்டங்கள். புலவர் வழிக்கு யாப்பு எப்படியோ, இவர்களுக்கு விரதம் அப்படி. பங்கம் வந்தால் அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து. தாத்தா எடுத்த காவடியை மகன் எடுத்து, பேரன் எடுக்கிறான். தாத்தா எப்படிப் போனார் என்று கேட்டால், 'கிருத்திகைக்குப் போய்ட்டு வந்து ஒரு வாரம் படுத்தார், அவ்வளவுதான்' என்பார்கள். இப்படி ஒரு வரியில் முடிந்த ஆயிரம் வாழ்க்கை இந்த மலையைச் சுற்றி இருக்கிறது. எந்த மலரிலும் அவர்கள் படம் வந்ததில்லை.

எனவே சபைச் செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். மறைந்த அன்பர்களைப் பற்றி அடுத்த மலருக்குக் குறிப்பு அனுப்பும்போது கழலிணை சேர்ந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மீதி இடத்தில் இவற்றை எழுதி அனுப்புங்கள்: அவருக்கு எத்தனை பாட்டு மனப்பாடம், யாரிடம் பாடம் கேட்டார், எந்தப் பதிப்பை வைத்துப் பாடினார், யாருக்குச் சொல்லிக் கொடுத்தார், அவர் மெட்டில் வேறு யாரும் பாடாத பாட்டு ஏதாவது உண்டா, உண்டானால் அதை இப்போது யார் பாடுகிறார்கள், காவடிக்காரர் என்றால் எத்தனை ஆடி நடந்தார், எந்த ஊரிலிருந்து, எந்தப் பாதையில். கடைசி நாட்களில் என்ன பாட்டு கேட்டார் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு நினைவிருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள். பெண்களைப் பற்றி எழுதும்போது இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்று நிறுத்திவிடாதீர்கள். படித் திருவிழாக் குழுக்கள் பலவற்றில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

மலருக்குக் கட்டுரைகள் கார்த்திகை மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். பாட்டின் மெட்டைப் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறோம்.